காலணி நாடாவின் கணக்கும் அழகும்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் காலத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் செலவுக் கணக்கிலும் காலணி என்றொரு வரி தவறாமல் இடம்பெறுகிறது. நம் கிளை அமைந்துள்ள லிங்கராஜபுரத்திலும், அடுத்துள்ள காக்ஸ் டவுன், கம்மனஹள்ளி, பானஸ்வாடிப் பகுதிகளிலும் காலை எட்டு மணிக்குத் தெருவில் நடப்போர் கால்களைப் பார்த்தால், கறுப்பு நிறப் பள்ளி ஷூ, அலுவலக ஷூ, காவலாளியின் கனத்த பூட்ஸ், பூங்காவில் நடை பயில்வோரின் ஓட்ட ஷூ ஆகிய அனைத்தும் வரிசையாகத் தென்படும். விலையிலும் வடிவத்திலும் இவை வேறுபடுகின்றன. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவற்றைக் காலோடு பிணைத்து வைப்பது சில ரூபாய் விலையுள்ள ஒரு நாடாவேயாகும். பேச்சுவழக்கில் இதனை லேஸ் என்கிறோம்.

இந்த நாடாவை அழகாகக் கோக்கும் முறைகளைக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம். அழகுக்கு அப்பாலும் இதில் கற்பதற்கு உண்டு. எந்த முறையில் கோத்தால் நாடா மிச்சமாகும், எந்த முறையில் பிடிப்பு மிகும், மாலையில் கால் வீங்குவோருக்கு எம்முறை உகந்தது என்பனவற்றை எளிய கணக்கின் மூலம் அறியலாம். இறுதியில், இக்கலையைத் தொழிலாக மாற்றிக்கொள்ளக்கூடிய காலணித் தொழிலாளர்களுக்கான கடன் திட்டம் ஒன்றையும் விளக்குகிறோம்.

நாடா வந்த வழி

நாடா கட்டிய காலணி மனிதகுலத்துக்குப் புதிதன்று. ஆர்மீனிய நாட்டின் அரேனி என்னும் ஊரிலுள்ள குகையொன்றில் 2008-ஆம் ஆண்டு தோல் காலணி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஆய்வு முடிவுகள் 2010-இல் வெளியாயின. அதன் வயது ஏறத்தாழ 5,500 ஆண்டுகள். ஒரே மாட்டுத்தோலை மடித்துச் செய்த அக்காலணியில் துளைகளும், அத்துளைகளில் கோத்த தோல் நாடாவும் இருந்தன. இன்று நம் பிள்ளைகள் அணியும் ஷூவின் அடிப்படை அமைப்பு அன்றே முழுமை பெற்றிருந்தது எனலாம்.

தமிழருக்குக் காலணித் தொழிலோடுள்ள உறவு மிக நெருக்கமானது. பெங்களூருவிலிருந்து சென்னை செல்லும் ரயில் பாதையில் ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் வாணியம்பாடியும் ஆம்பூரும் வருகின்றன. 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்விரு ஊர்களும், அவற்றுக்கு அப்பாலுள்ள ராணிப்பேட்டையும் தோல் பதனிடுதலுக்கும் ஷூ தயாரிப்புக்கும் பெயர் பெற்றவை. இங்கு உருவாகும் தோல் காலணிகள் ஐரோப்பிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்தொழிலுக்கு அறிவியல் துணையாக விளங்குகிறது.

இத்தொழிலில் இரண்டு பெயர்களை அடிக்கடி கேட்கலாம். துளைகள் உள்ள இரு பக்க மடல்களும் முன்பகுதித் தோலுக்கு அடியில் தைக்கப்பட்டிருந்தால் அது ஆக்ஸ்ஃபோர்டு. மடல்கள் முன்பகுதியின் மேலே தைக்கப்பட்டு, கதவைப்போல இருபுறமும் விரியுமானால் அது டெர்பி. நாடா கட்டும் பள்ளி ஷூக்களுள் பெரும்பாலானவை டெர்பி வகையே. ஆக்ஸ்ஃபோர்டு ஷூவில் இரு மடல்களும் நெருங்கி நிற்பதால் நேர்க்கோடாகச் செல்லும் நாடா எடுப்பாகத் தோன்றும். மடல் விரியும் டெர்பி ஷூவில் எம்முறையையும் கையாளலாம்.

எத்தனை முறைகள்?

ஒரு பக்கத்துக்கு ஆறு வீதம் பன்னிரண்டு துளைகள் உள்ள ஷூவை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு துளைகளையும் எந்த வரிசையில் கடப்பது என்பதற்கு 12 × 11 × 10 என்று ஒன்று வரை பெருக்க வேண்டும். விடை 47,90,01,600. மேலும், ஒவ்வொரு துளையிலும் நாடா மேலிருந்து உள்ளே நுழையலாம் அல்லது உள்ளிருந்து வெளியே வரலாம். ஆகவே இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கி வரும் 4,096-ஆல் மேற்கண்ட எண்ணைப் பெருக்க வேண்டும். கிடைப்பது 19,61,99,05,53,600. அதாவது ஏறத்தாழ ஒரு லட்சத்து 96 ஆயிரம் கோடி. அரசின் வரவு செலவுத் திட்டத்தில் மட்டுமே நாம் காணும் அளவிலான எண் இது.

இவற்றுள் மிகப்பல பயனற்ற சிக்கல்களே. நாடா ஒவ்வொரு முறையும் இடப்பக்கத் துளையிலிருந்து வலப்பக்கத் துளைக்கும், அங்கிருந்து மீண்டும் இடப்பக்கத்துக்கும் மாறி மாறியே செல்ல வேண்டும் என்றும், இரு முனைகளும் முடிச்சில் சேர்ந்து ஒரே வளையமாகின்றன என்றும் கொண்டு, உள்ளே வெளியே என்னும் வேறுபாட்டையும் ஒதுக்கிவிட்டால், எஞ்சுபவை 43,200 மட்டுமே.

இக்கணக்கை அறிஞர்கள் விளையாட்டாகக் கருதவில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் ஹால்ட்டன் 1995-இல் வெளியிட்ட கட்டுரையில், இவ்வாறு மாறி மாறிச் செல்லும் முறைகளுள் நாம் அனைவரும் அறிந்த குறுக்குப் பின்னலே மிகக் குறைந்த நாடாவை எடுத்துக்கொள்கிறது என்று நிறுவினார். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் புர்கார்ட் போல்ஸ்டர் 2002 டிசம்பரில் நேச்சர் இதழில் இதனை மேலும் விரித்தார். மாறி மாறிச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, ஒவ்வொரு துளையும் இரு மடல்களையும் இழுப்பதில் பங்கு பெற்றால் போதும் என்று கொண்டால், வண்ணத்துப்பூச்சி வடிவப் பின்னலே மிகக் குறுகியது என்று அவர் காட்டினார். பிடிப்பின் வலிமையில் குறுக்குப் பின்னலும், உட்புறத்திலும் நாடா பக்கம் மாறிச் செல்லும் நேர்ப் பின்னலுமே முதலிடம் பெறுகின்றன என்பது அவருடைய மற்றொரு முடிவு. தலைமுறை தலைமுறையாக மக்கள் கையாண்டு வந்த முறைகளே கணிதத்திலும் வென்றன.

பயிற்சிக்கு வேண்டியவை

கிழித்து முடித்த தினசரி நாட்காட்டியின் அட்டை ஒன்று, துளையிடும் கருவி, 100 செ.மீ. நீளமுள்ள நாடா ஒன்று ஆகியவை போதும். அட்டையில் 3.6 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு நெடுக்குக் கோடுகள் வரைக. ஒவ்வொரு கோட்டிலும் 1.5 செ.மீ.க்கு ஒன்றாக ஆறு துளைகள் இடுக. கால்விரல் பக்கமுள்ள வரிசையை முதல் வரிசை என்றும், கணுக்கால் பக்கமுள்ளதை ஆறாம் வரிசை என்றும் கொள்வோம். அட்டையின் முன்புறம் ஷூவின் வெளிப்புறம். அட்டையின் பின்புறம் உட்புறம்.

இந்த அளவுகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு வரிசையின் இடத்துளையிலிருந்து அடுத்த வரிசையின் வலத்துளைக்குச் செல்லும் சாய்வுத் தூரம், பித்தாகரஸ் தேற்றத்தின்படி மிகச் சரியாக 3.9 செ.மீ. வருகிறது. பிள்ளைகள் கணக்கிட எளிதாக இருக்கும்.

முதல் பாடம்: குறுக்குப் பின்னல்

நாடாவை முதல் வரிசையில் உட்புறமாகக் கிடத்தி, இரு முனைகளையும் துளைகள் வழியே வெளியே எடுக்க வேண்டும். பின்னர் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு, எதிர்ப்பக்க மடலுக்கு அடியில் செலுத்தி, இரண்டாம் வரிசைத் துளைகள் வழியே வெளியே கொணர வேண்டும். இதையே ஆறாம் வரிசை வரை தொடர வேண்டும். ஒவ்வொரு முறையும் இடமுனையே மேலே வருமாறு பார்த்துக்கொண்டால் பின்னல் சீராகத் தோன்றும். மற்றொரு ஷூவில் வலமுனை மேலே வருமாறு அமைத்தால் இரண்டும் கண்ணாடிப் பிம்பம்போல் இணையும்.

கணக்கு: அடிக்கோடு 3.6 செ.மீ., சாய்வுகள் பத்து. பத்து முறை 3.9 என்பது 39. மொத்தம் 42.6 செ.மீ. நூறு செ.மீ. நாடாவில் முடிச்சுக்காக ஒவ்வொரு முனையிலும் 28.7 செ.மீ. எஞ்சும். தோலின் தடிமனைக் கடக்கச் சிறிது நாடா செலவாகும் என்பதை உண்மையான ஷூவில் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் பாடம்: நேர்ப் பின்னல்

ஏணிப்படிகள்போல் குறுக்குக் கோடுகள் மட்டும் வெளியே தெரியும் முறை இது. காமன்வெல்த் நாடுகளின் படைப்பிரிவுகள் சிலவற்றில் பூட்ஸுகளுக்கு இம்முறை வழக்கத்தில் உண்டு. காலில் அடிபட்டால் இக்கோடுகளை மேலிருந்து கீழாக ஒரே வீச்சில் வெட்டிக் காலணியைக் கழற்றிவிடலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

நாடாவை முதல் வரிசையில் வெளிப்புறமாகக் கிடத்தி, இரு முனைகளையும் உள்ளே செலுத்துக. இடமுனை உட்புறமாக மேலேறி, இடப்பக்கம் இரண்டாம் துளையில் வெளியே வந்து, நேராகக் குறுக்கே சென்று, வலப்பக்கம் இரண்டாம் துளையில் உள்ளே நுழையட்டும். வலமுனை ஒரு வரிசையைத் தாண்டி, வலப்பக்கம் மூன்றாம் துளையில் வெளியே வந்து, குறுக்கே சென்று, இடப்பக்கம் மூன்றாம் துளையில் நுழையட்டும். இனி ஒவ்வொரு முனையும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ஏற வேண்டும். முதல் முனை நான்காம் வரிசையையும், இரண்டாம் முனை ஐந்தாம் வரிசையையும் கடக்கும். இறுதியில் இரண்டும் ஆறாம் வரிசையின் இரு துளைகளிலும் வெளியே வந்து முடிச்சுக்குத் தயாராக நிற்கும்.

கணக்கு: குறுக்குக் கோடுகள் ஐந்து, 18 செ.மீ. உட்புற ஏற்றம் இரு பக்கமும் சேர்த்து 15 செ.மீ. மொத்தம் 33 செ.மீ. ஒவ்வொரு முனையிலும் 33.5 செ.மீ. எஞ்சும்.

ஐந்து வரிசை மட்டுமே உள்ள ஷூவில், நான்காம் வரிசையில் நுழைந்த முனையை உட்புறமாகச் சாய்வாகக் கொண்டுசென்று, எதிர்ப்பக்கம் ஐந்தாம் துளையில் வெளியே எடுத்தால் போதும். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அச்சாய்வு தெரியாது.

மூன்றாம் பாடம்: வண்ணத்துப்பூச்சிப் பின்னல்

நாடாவை முதல் வரிசையில் வெளிப்புறமாகக் கிடத்தி, இரு முனைகளையும் உள்ளே செலுத்துக. இரண்டும் தத்தம் பக்கத்திலேயே உட்புறமாக ஏறி, இரண்டாம் துளையில் வெளியே வரட்டும். அங்கிருந்து வெளிப்புறமாக ஒன்றையொன்று குறுக்கிட்டு, எதிர்ப்பக்க மூன்றாம் துளைகளில் உள்ளே நுழையட்டும். மீண்டும் உட்புறமாக நான்காம் துளைக்கு ஏறி வெளியே வந்து, குறுக்கிட்டு, ஐந்தாம் துளைகளில் நுழைந்து, ஆறாம் துளையில் வெளியே வந்தால் பின்னல் நிறைவுறும். வெளியே இரண்டு பெருக்கல் குறிகள் இடைவெளி விட்டுத் தோன்றும். சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருப்பதுபோன்ற தோற்றம் இதுவே.

ஐந்து வரிசை உள்ள ஷூவில் முதல் கோட்டை உட்புறமாகக் கிடத்தி, உடனே முதல் குறுக்கைத் தொடங்க வேண்டும்.

கணக்கு: அடிக்கோடு 3.6, உட்புற ஏற்றங்கள் ஆறு, 9 செ.மீ., சாய்வுகள் நான்கு, 15.6 செ.மீ. மொத்தம் 28.2 செ.மீ. குறுக்குப் பின்னலைக் காட்டிலும் 14.4 செ.மீ. மிச்சம். நாடாவின் முனை பிய்ந்து நீளம் குறைந்துபோன ஷூவுக்கு இம்முறை கைகொடுக்கும். முனையை வெட்டிச் சீராக்கி, மேலும் பல மாதங்கள் அதே நாடாவைப் பயன்படுத்தலாம்.

சிக்கனமும் பிடிப்பும்

இங்கு வாடிக்கையாளர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நாடாவைக் குறைவாகச் செலவிடும் முறையே சிறந்தது என்றாகிவிடுமா? நாடாவை ஒரே விசையோடு இழுத்தால், நேராகக் குறுக்கே செல்லும் கோடு அவ்விசையை முழுமையாக மடல்களுக்குத் தருகிறது. சாய்வாகச் செல்லும் கோடு, நம் அளவில், அதில் 92 விழுக்காட்டைத் தருகிறது. செங்குத்தாக ஏறும் கோடு மடல்களை நெருக்குவதில் எந்தப் பங்கும் பெறுவதில்லை.

இதன்படி, உராய்வைக் கணக்கில் எடுக்காமல் கூட்டினால், குறுக்குப் பின்னலுக்கு 10.2 பங்கும், நாம் கற்ற நேர்ப் பின்னலுக்கு 5 பங்கும், வண்ணத்துப்பூச்சிப் பின்னலுக்கு 4.7 பங்கும் பிடிப்பு கிடைக்கிறது. மிகக் குறைந்த நாடாவில் முடியும் முறையே மிகக் குறைந்த பிடிப்பையும் தருகிறது. ஓடியாடும் பிள்ளையின் ஷூவுக்குக் குறுக்குப் பின்னலும், நாள் முழுதும் இருக்கையில் அமர்ந்து பணியாற்றுவோரின் ஷூவுக்கு மற்ற இரண்டில் ஒன்றும் பொருத்தமாகும். சிக்கனமும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று விலை கொடுக்கின்றன என்பது முதலீட்டுக்கு மட்டும் உரிய விதியன்று.

இரு நிற அழகு

நிறம் சேர்ப்பது அலங்காரத்தின் அடுத்த படி. ஒரு ஜோடி கறுப்பு நாடாவையும் ஒரு ஜோடி சிவப்பு நாடாவையும் நடுவில் வெட்டி, ஒவ்வொரு கறுப்புப் பாதியோடும் ஒரு சிவப்புப் பாதியை இணைத்தால், நான்கு இரு நிற நாடாக்கள், அதாவது இரண்டு ஜோடிகள் கிடைக்கும். முடிச்சிட்டு இணைத்தால் அது விரலை உறுத்தும். ஆகவே இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஊசி நூலால் தட்டையாகத் தைப்பது நல்லது. இதனைக் குறுக்குப் பின்னலில் கோத்தால், ஒரு சாய்வு கறுப்பாகவும் மறுசாய்வு சிவப்பாகவும் அமையும்.

சதுரங்கக் கட்டம் மற்றொரு அழகிய வடிவம். அகலமான தட்டை நாடாவால் எல்லா வரிசைகளையும் நேர்ப் பின்னலாக நிரப்பி, வேறு நிற நாடாவைப் பாய் முடைவதுபோல் மேலும் கீழுமாக நெடுக்கில் ஏற்றி இறக்க வேண்டும். கோரைப்பாயோ ஓலைப்பெட்டியோ முடைந்து பழகிய கைகளுக்கு இது மிக எளிது. ஆனால் இவ்வாறு முடைந்த ஷூவை இறுக்கவோ தளர்த்தவோ இயலாது. விழாக்களுக்கு அணிந்து செல்லலாம். ஓட்டத்துக்கும் நீண்ட நடைக்கும் இது ஆகாது.

ஏணிப் பின்னலில் இரு ஓரங்களிலும் நாடா வெளிப்புறமாகச் செங்குத்தாக ஏறும். குறுக்கே வரும் முனைகள் எதிர்ப்பக்கத்துச் செங்குத்துக் கோட்டின் அடியில் நுழைந்து மேலேறும். உயரமான பூட்ஸுக்கு இது கம்பீரத்தைத் தரும். குறுக்குப் பின்னலைவிட நீளமான நாடா இதற்குத் தேவை.

பல பள்ளிகளில் நாடாவின் நிறத்துக்குச் சீருடை விதி உண்டு. பின்னலின் வடிவத்துக்கு விதி இருப்பது அரிது. நிறத்தை மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு, நூற்றுக்கணக்கான ஒரே மாதிரி ஷூக்களிடையே தன்னுடையது எது என்று உடனே தெரியும்.

காலுக்கேற்ற பின்னல்

காவல் பணியிலும் கடைகளிலும் நாள் முழுதும் நின்றே பணிபுரிவோருக்கு மாலையில் கால் சற்று வீங்குவது இயல்பு. காலையில் இறுக்கிய நாடா மாலையில் புறங்காலை அழுத்தும். புறங்கால் உயர்ந்தவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. இவர்கள் முதல் மூன்று வரிசைகளைக் குறுக்காகக் கோத்து, மூன்றாம் துளையிலிருந்து நான்காம் துளைக்கு மட்டும் தத்தம் பக்கத்திலேயே நேராக ஏற்றி, பின்னர் குறுக்கைத் தொடரலாம். வலிக்கும் இடத்தின் மேல் நாடா குறுக்கிடாதிருப்பதால் அழுத்தம் குறையும். விரல் பக்கம் அகலமான கால் உடையோர் முதல் வரிசையை வெறுமையாக விட்டு, இரண்டாம் வரிசையிலிருந்து தொடங்கலாம்.

நடக்கும்போது குதிகால் மேலெழுந்து உரசினால், ஐந்தாம் துளையிலிருந்து ஆறாம் துளைக்கு அதே பக்கத்தில் ஏற்றிச் சிறு வளையம் ஒன்றை விட்டு, எதிர்முனையை அவ்வளையத்துக்குள் செலுத்தி இறுக்கிய பின் முடிச்சிட வேண்டும். ஓட்டப் பயிற்சியாளர்கள் பெரிதும் விரும்பும் முறை இது.

நீரிழிவு உள்ளவர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும். நோய் நெடுநாளானால் பாதத்தில் உணர்ச்சி குறையக்கூடும். நாடா இறுகி அழுத்துவதும், தளர்ந்து உரசுவதும் அவர்களுக்குத் தெரியாமலே புண்ணாகலாம். இறுக்கம் சரியாக உள்ளதா என்பதைக் காலின் உணர்ச்சியை நம்பித் தீர்மானிக்காமல், கட்டிய நாடாவுக்கு அடியில் ஒரு விரல் நுழைகிறதா என்று கையால் சோதித்தறிய வேண்டும். ஷூவைக் கழற்றியதும் பாதத்தைப் பார்வையிட்டு, சிவந்த தடம் மாறாதிருந்தால் மருத்துவரை அணுக வேண்டும். புதிய ஷூவை மாலை வேளையில் வாங்குவது அனைவருக்கும் நல்லது.

முடிச்சில் உள்ள சூட்சுமம்

பின்னல் எவ்வளவு அழகாயினும் முடிச்சு அவிழ்ந்தால் பயனில்லை. மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டில் அவிழ்ந்த நாடா சிக்கினால் விளைவு கொடியது. முதியோர் இடறி விழுவதற்கும் அது காரணமாகலாம்.

முடிச்சு ஏன் தானே அவிழ்கிறது என்பதை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர். ஓடும்போது கால் தரையில் மோதும் விசை, புவியீர்ப்பின் ஏழு மடங்கு வரை இருந்ததாக அளந்தனர். அம்மோதல் முடிச்சைத் தளர்த்துகிறது. காலை வீசும்போது நாடாவின் தொங்கும் முனைகள் சாட்டைபோல் சுழன்று முடிச்சை இழுக்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்து சில நொடிகளில் முடிச்சைக் குலைத்துவிடுகின்றன. தவறாக இட்ட முடிச்சு, சரியாக இட்ட முடிச்சைவிட விரைவில் அவிழ்ந்ததையும் அவர்கள் கண்டனர்.

சரியான முடிச்சை அறிவது எளிது. கட்டிய பின் பூப்போன்ற இரு வளையங்களும் ஷூவுக்குக் குறுக்காக, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் முடிச்சு சரி. அவை விரல் பக்கமும் கணுக்கால் பக்கமுமாக நெடுக்கில் திரும்பி நின்றால் முடிச்சு தவறு. தவறியவர்கள் முதலில் இடும் குறுக்கை மட்டும் மாற்றினால் போதும். இடமுனையை வலமுனையின் மேல் போட்டுப் பழகியவர்கள், இனி வலமுனையை இடமுனையின் மேல் போட வேண்டும். வளையம் இடும் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

கைத்தொழிலாளருக்கு ஒரு வாய்ப்பு

நாடா இல்லாத ஷூக்களும், ஒட்டும் பட்டை வைத்த ஷூக்களும் பெருகிவரும் காலம் இது. தெருவோரத்தில் அமர்ந்து காலணி தைக்கும் தொழிலாளர்களுக்கு வேலை சுருங்குகிறது. தையலோடும் மெருகோடும் நிற்காமல், நாடா விற்பனை, இரு நிற நாடா இணைப்பு, விழாக்களுக்கான அலங்காரப் பின்னல், முதியோருக்கும் நின்று பணிபுரிவோருக்கும் காலுக்கேற்ற பின்னல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், அதே இடத்தில் அதே கருவிகளோடு கூடுதல் வருவாய் பெறலாம்.

17.9.2023 அன்று தொடங்கப்பட்ட பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டத்தின் 18 கைத்தொழில்களுள் காலணித் தொழிலும் ஒன்று. பதினெட்டு வயது நிரம்பிய தொழிலாளர், குடும்பத்துக்கு ஒருவர் வீதம், பொதுச் சேவை மையத்தின் வழியே பதிவு செய்யலாம். சரிபார்ப்பு முடிந்ததும் சான்றிதழும் அடையாள அட்டையும் கிடைக்கும். அடிப்படைப் பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு ரூ.500 உதவித்தொகையும், கருவிகள் வாங்க ரூ.15,000 வரை உதவியும் உண்டு. பிணையின்றி முதற்கட்டமாக ரூ.1 லட்சம் வரை 18 மாதத் தவணையிலும், அதனை ஒழுங்காகச் செலுத்தியவர்களுக்கு இரண்டாம் கட்டமாக ரூ.2 லட்சம் வரை 30 மாதத் தவணையிலும் கடன் கிடைக்கும். பயனாளி செலுத்தும் வட்டி ஆண்டுக்கு 5 விழுக்காடு. அரசுப் பணியாளர்களின் குடும்பத்தினருக்கு இத்திட்டம் பொருந்தாது.

கிடைக்கிறது என்பதற்காக முழுத்தொகையையும் பெற வேண்டியதில்லை என்பதையும் கூறுவது எங்கள் கடமை. ரூ.1 லட்சம் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.5,778. ஒரு ஜோடி ஷூவைச் சீராக்குவதில் செலவு போக ரூ.20 நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், தவணைக்கு மட்டுமே மாதம் 289 ஜோடிகள் தேவை. ரூ.20,000 மட்டும் பெற்றால் தவணை ஏறத்தாழ ரூ.1,156. அதற்கு 58 ஜோடிகள், அதாவது வேலை நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று ஜோடிகள் போதும். விரலுக்கேற்ற வீக்கம் என்பது முன்னோர் வாக்கு. காலின் அளவறிந்து ஷூ வாங்குவதுபோல வருவாயின் அளவறிந்து கடன் பெற வேண்டும். தங்கள் தெருவில் அமர்ந்து பணிபுரியும் காலணித் தொழிலாளருக்கு இத்திட்டத்தைப் பற்றித் தெரியாதிருக்கலாம். இப்பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டி, வங்கிக் கிளைக்கு அழைத்து வருமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பிள்ளைகளுக்கான பயிற்சி

1. ஆறு வரிசை உள்ள ஓர் அட்டையில் இரு நெடுக்குக் கோடுகளுக்கு இடையே 4.8 செ.மீ. தூரமும், வரிசைகளுக்கு இடையே 1.4 செ.மீ. தூரமும் உள்ளன. சாய்வுத் தூரம் எவ்வளவு?

2. அதே அட்டையில் குறுக்குப் பின்னல், நேர்ப் பின்னல், வண்ணத்துப்பூச்சிப் பின்னல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் முடிச்சு நீங்கலாக எவ்வளவு நாடா செலவாகும்?

3. வீட்டிலுள்ள அனைவரின் ஷூ முடிச்சுகளையும் பார்வையிடுக. எத்தனை முடிச்சுகளில் வளையங்கள் குறுக்காகப் படுத்துள்ளன? நெடுக்கில் நிற்பவற்றின் உரிமையாளர்களுக்குச் சரியான முறையைக் கற்றுக்கொடுங்கள்.

விடைகள்: முதல் வினாவுக்கு 5 செ.மீ. இரண்டாம் வினாவுக்கு முறையே 54.8 செ.மீ., 38 செ.மீ., 33.2 செ.மீ. மூன்றாம் வினாவின் விடை உங்கள் வீட்டு வாசலில் உள்ளது.